ஆறடி மலை

போட்டி அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்:
மலைக்காட்டு மக்கள், பன்னிரண்டு படங்கள்,
கடைசித் தேதி தை இருபது.
திருத்துறைப்பூண்டியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள்
மலைக்கு எங்கே போவாள்?
எங்கள் பக்கம் உயரமென்றால்
கொள்முதல் நிலையத்து நெல் அம்பாரம்.
அதுவும் இந்த வருஷம் நனைந்து முளைவிட்டிருந்தது.

முத்துப்பேட்டையில் காடாவது இருக்கிறது என்றார்
பிரிண்ட் போடும் அக்பர்தீன்.
மலை?
"போய்க் கேட்டுப் பாருங்க."

கோரையாறு அகன்று காட்டுக்குள் நுழையுமிடத்தில்
வைரக்கண்ணு எஞ்சினை அணைத்தார்.
இரு கரையிலும் அலையாத்தி.
சேற்றிலிருந்து மேலே நீட்டிய வேர்கள்,
மூச்சுக்காக வெளியே வந்த
ஆயிரமாயிரம் மூக்குகள்.
"தில்லையத் தொட்ட கையால கண்ணத் தொட்டுடாதீங்க,
பால் பட்டா பார்வை போயிடும்."
அதற்குப் பிறகு கேமராவில் கண் வைக்குமுன்
ஒவ்வொரு முறையும்
விரலை முகர்ந்து பார்த்தேன்.

ஏழு குடிசைகள்.
பின்னால், வாய்க்கால் வெட்டி வாரிக் கொட்டிய மண்,
ஆறடி உயரம்.
அதற்குப் பெயர் மலை.
நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.
"தண்ணி ஏறினா மலையிலதான் படுப்போம்" என்றாள் மாரிக்கொழுந்து,
நண்டின் கொடுக்கைக் கோரையால் இறுக்கியபடி.
"புயலன்னிக்கு ஒம்போது பேரு, நாலு ஆடு,
ஒரு கேஸ் அடுப்பு."

வலையைத் தோளில் போடச் சொன்னேன்.
ஈரம், சட்டை கெட்டுப்போகும் என்றார்கள்.
தூரத்தைப் பாருங்கள் என்றேன்.
திரும்பிப் பார்த்தார்கள்.
"அங்க என்ன இருக்கு?"
பூநாரைகள் இருந்தன, இருநூறு முந்நூறு.
எனக்கு மட்டும்.

வைரக்கண்ணு மண்மேட்டில் காலை உதறினார்.
"எல்லாம் குடகு மண்ணு.
மேட்டூர்ல கொஞ்சம், கல்லணையில கொஞ்சம் நின்னுட்டு
மிச்சம் எங்க வாய்க்கால்ல வந்து அடைக்கும்.
வருஷா வருஷம் வாருறோம்.
கூலி குடகா குடுக்கும்?"

பதினோரு படம் எடுத்திருந்தேன்.
பன்னிரண்டாவதற்கு வெளிச்சம் பார்க்கையில்
மாரிக்கொழுந்து கேட்டாள்:
"பாஸ்போர்ட் சைஸ் எடுப்பீங்களா?"
நலவாரிய அட்டைக்கு.
ஊருக்குள் போய் எடுத்தால்
ஒரு நாள் பாடு போய்விடும்.

வெள்ளைப் பின்னணிக்கு
ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள்.
மலையேறி வரிசையில் நின்றார்கள் பதினேழு பேர்.
காலர் வைத்த சட்டை அங்கே ஒன்றுதான்,
நீலக் கோடு போட்டது.
செல்லப்பாண்டி கழற்ற, தீனதயாளன் மாட்ட,
ஐந்து ஆண்கள் அதற்குள் போய் வந்தார்கள்.
ஐந்தாமவருக்கு முதுகு நனைந்திருந்தது.
படத்தில் முதுகு தெரியாது.
காதைக் காட்டுங்கள் என்றதும்
தலையை ஒதுக்கிக் காதைத் திறந்தாள் மாரிக்கொழுந்து.
தூரத்தைப் பார்க்கச் சொல்லாமலேயே
நேராக என்னைப் பார்த்தாள்.
அதுவரை நான் எடுத்த பதினொன்றிலும்
யாரும் என்னைப் பார்த்திருக்கவில்லை.

காசுக்குப் பதில் நண்டு தந்தார்கள்.
பஸ்ஸில் பை அசைந்துகொண்டே வந்தது,
பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்.

இரவு, கடையில்,
ட்ரைபாட் காலில் காய்ந்த குடகு
தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பெருக்கவில்லை.
பையன்களின் விரல்களை ஓரத்தில் வெட்டினேன்.
ஆளுக்கு எட்டு வீதம் நூற்று முப்பத்தாறு முகங்கள்.
எல்லோருக்கும் இடது காதோரம்
ஒரே ஒரு வெள்ளிப் புள்ளி.
பெரிதாக்கினேன்:
தெர்மாகோலில் ஒட்டியிருந்த மடவைச் செதில்.

அழிக்க ஒரு நொடி போதும்.
கர்சரைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
வாரிய அலுவலகத்தில் கேட்டால்
மீன்தான் என்று அவர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

தை இருபது, நேற்று.